தமிழில் உடற்கூறு கற்பித்த டாக்டர் கிறீன்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தாத்தாவின் பசு ஒன்று இறந்து போனது. பாரிட் புந்தாருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து பிறகு செம்பனைக்கு மாறிய நிலத்தின் ஓரத்தில், தாத்தா ஐந்து மாடுகளும் சில ஆடுகளும் வைத்திருந்தார். லயன் வீடுகளை இடித்து எல்லாரும் தாமானுக்குக் குடிபோன பிறகும் அவர் அந்தக் கொட்டகையை விடவில்லை.

அந்தச் செவலைப் பசு சில நாள்களாகவே தீனியைத் தொடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டி வைத்து, அசைய மனமில்லாமல் நின்றது. பால் வற்றியது. அலைதாடியில் நீர் கோத்து வீங்கியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் படுத்த இடத்திலேயே கிடந்தது. வேறு மாடுகளுக்கும் பரவும் நோயாக இருக்குமோ என்று தாத்தா பயந்ததால், கால்நடை அதிகாரி ஒருவர் வந்து உடலைத் திறந்து பார்த்தார். பார்த்ததைப் பொறுமையாக மலாயில் விளக்கினார். தாத்தாவுக்குக் கடைவீதி மலாய் நன்றாக வரும். உடம்புக்குள் இருப்பதைப் பேசும் மலாய் வராது. அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

எனக்கு அப்போது தெரிந்த சொற்கள் வயிறும் இதயமும் மட்டுமே. வயிற்றில் ஏதோ கெட்டுப்போய் நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டதாம் என்று தாத்தாவிடம் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் தவ்பூ செய்யும் இடத்திலிருந்து சோயாச் சக்கை வாங்கி வந்து மாடுகளுக்குப் போட்டிருந்தார். கெட்டுப்போன தீனியைப் போட்டுப் பசுவைக் கொன்றுவிட்டோம் என்று அன்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு அவர் சக்கை வாங்கவே இல்லை. வீட்டில் யாராவது அந்தப் பசுவின் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது நான் கால்நடை மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடற்கூறு ஆய்வு வகுப்பில் ஒரு மாட்டின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்கள். வயிறு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மாட்டுக்கு அது நான்கு அறை. முதலாவது, இடப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய பை. வளர்ந்த மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். புல் அங்கேதான் ஊறிப் புளிக்கிறது. அதற்கு முன்னால் இரண்டாவது அறை. உள்பக்கம் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது, ஏடுகளை அடுக்கியது போன்றது. நான்காவதுதான் நம் இரைப்பையைப் போல அமிலம் சுரப்பது. கன்று பிறக்கும்போது நான்கிலும் பெரியது இந்த நான்காவது அறையே. குடிக்கும் பால் ஒரு வாய்க்கால் வழியாக மற்ற அறைகளைத் தாண்டி நேராக அதில் போய் விழும்.

விரிவுரையாளர் தேன்கூட்டு அறையைத் தொட்டுக் காட்டினார். அது உதரவிதானத்தை ஒட்டி இருக்கிறது. உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம். இரண்டுக்கும் நடுவில் சில விரற்கடை தூரம்தான். மாடு ஆட்டைப் போல உதட்டால் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுழற்றி இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசை போடும். புல்லோடு ஒரு கம்பித் துண்டோ ஆணியோ உள்ளே போனால், கனத்தால் அது இந்தத் தேன்கூட்டு அறையில் தங்கும். அறை சுருங்கும்போதெல்லாம் கம்பி முன்னால் நகரும். சுவரைக் குத்தும், உதரவிதானத்தைத் துளைக்கும், கடைசியில் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் போய் நிற்கும். அங்கே சீழ் பிடித்தால் இதயம் சரியாக இயங்க முடியாது. முதுகு வளையும், முன்னங்கால் அகலும், அலைதாடி வீங்கும்.

அந்த அறையில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாத்தாவை நினைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி அன்று சொன்னதும் இதுதான். அவர் ஒரு கம்பியைக் கையில் எடுத்துக் காட்டியதுகூட இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நான் அந்தக் கம்பியைத் தாத்தாவிடம் சொல்லாமலே விட்டிருந்தேன்.

அன்றிரவே தாத்தாவைக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். எந்தச் சொற்களால் சொல்வது என்று தெரியவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில், இப்போது ஆங்கிலப் புத்தகங்களில் என்று படித்து வந்தவள். உடற்கூறு எனக்கு ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் மட்டுமே இருந்தது. தமிழில் யாராவது இதையெல்லாம் எழுதியிருப்பார்களா என்று தேடியபோதுதான், இணைய நூலகம் ஒன்றில் பழைய எழுத்தில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: மனுஷ அங்காதிபாதம். 1872ஆம் ஆண்டு. எண்ணூறு பக்கத்துக்கு மேல். ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். இதற்குப் பின்னால் இருந்தவர் ஓர் அமெரிக்கர்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். கிறீன் ஹில் என்பது அவர்கள் குடும்பப் பண்ணையின் பெயர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீனை நியூயார்க் நகரம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அங்குள்ள சென்ட்ரல் பூங்கா உருவானதிலும், பிரிந்து கிடந்த பகுதிகள் ஒரே நகரமாக இணைந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தம்பி போன வழி வேறு. 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் சார்பில் கப்பலேறி, அந்த ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் இருந்தவர் நேதன் வார்ட். அந்த வரிசையில் வந்த கிறீன், முதலில் வட்டுக்கோட்டையிலும் 1848 முதல் மானிப்பாயிலும் இருந்தார். மானிப்பாய்தான் அவருடைய ஊராகிவிட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் மதம் பரப்ப வந்தவர். மருத்துவம் அதற்கு ஒரு வழி என்றே அவரும் அவரை அனுப்பியவர்களும் நினைத்தார்கள். ஆனால் காலராவும் அம்மையும் அடிக்கடி ஊரைச் சுற்றி வந்த காலத்தில், வாசலில் நின்ற கூட்டத்துக்கு ஒரு மருத்துவர் போதவில்லை. அவர் வந்த சிறிது காலத்திலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது 1870இல். மானிப்பாய் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு மூத்தது.

முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பாடநூல்கள் ஆங்கிலத்தில், மாணவர்களும் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள். நன்றாகவே படித்தார்கள். படித்து முடித்ததும் நல்ல சம்பளத்தில் அரசாங்க வேலை கிடைத்து வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். எந்தக் கிராமங்களுக்காக அவர்களைத் தயார் செய்தாரோ அந்தக் கிராமங்களில் மருத்துவர் இல்லை. வருடா வருடம் இதைப் பார்த்த கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழில் படித்தவர் தமிழ் ஊரிலேயே இருப்பார், தமிழில் பேசும் நோயாளிக்கு அவரால் நோயை விளக்கவும் முடியும்.

இந்த முடிவின் முதல் பாதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்ச் சம்பாதிக்கக் கூடாது என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் தீர்மானிப்பது கொஞ்சம் உறுத்துகிறது. அவரே கடல் தாண்டி வந்தவர்தானே. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் பிற்காலத்தில் மலாயாவுக்கும் வந்தார்கள். ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் அவர்கள் இல்லாமல் வேலை நடந்ததில்லை. நம் ஊர் வழியாகப் போகும் தண்டவாளத்துக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. அவர்கள் வந்திருக்கக் கூடாது என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டாவது பாதியை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. கொட்டகையில் மொழிபெயர்ப்பாளராக நின்றவள் நான்.

தமிழில் கற்பிக்க முடிவெடுத்தால் போதுமா? புத்தகம் இல்லையே. கிறீன் தமிழைத் தீவிரமாகப் படித்தார். 1850களிலேயே கல்வின் கட்டர் என்பவரின் உடற்கூறு, உடலியங்கியல், சுகாதார நூலைத் தமிழில் கொண்டுவந்தார். 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. பத்து ஆண்டு வேலைக்குப் பிறகு ஓய்வுக்காக அமெரிக்கா போனவர், 1862இல் மணம் முடித்து, மனைவி மார்கரெட்டுடன் மானிப்பாய் திரும்பினார். அதன்பின் 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழிலேயே நடந்தது. 1867இல் இரண வைத்தியம், அதாவது அறுவை மருத்துவம். 1872இல் மனுஷ அங்காதிபாதம். 1875இல் கெமிஸ்தம். 1883இல் மனுஷ சுகரணம் என்ற உடலியங்கியல் நூல். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். எல்லாவற்றையும் அவர் தனி ஆளாக எழுதவில்லை. அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், அவர் வரி வரியாகப் பார்த்துத் திருத்துவார். அந்த மாணவர்களின் பெயர்களும் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவை.

சொல் தேடுவதில் அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்தார். இல்லையென்றால் வடமொழியில் தேடினார். அங்கும் கிடைக்காதபோதுதான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு வளைத்தார். கெமிஸ்தம் அப்படி வந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அங்காதிபாதம் என்ற சொல்லில் நம் சிற்றிலக்கியங்களின் பாதாதிகேசம் ஒலிக்கிறது. நாட்டு வைத்தியத்துக்குப் பதிலாக மேல்நாட்டு மருத்துவத்தைக் கொண்டுவர வந்தவர், சொல்லுக்கு மட்டும் நாட்டு வழக்கிடமே முதலில் போனார். அருஞ்சொற்களைத் தனியே தொகுத்தும் அச்சிட்டார்.

மனித உடலைப் பற்றிய புத்தகம் மாட்டு வைத்தியம் படிக்கிறவளுக்கு எதற்கு என்று என் அறைத்தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். உண்மையில் மனித உடற்கூறே மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது என்று சொல்லலாம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற மருத்துவருக்கு மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லை. பன்றி, ஆடு, மாடு, குரங்கு ஆகியவற்றை அறுத்துப் பார்த்து மனிதனுக்கும் அப்படியே இருக்கும் என்று எழுதினார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மூளைக்கு அடியில் மெல்லிய இரத்தக்குழாய்கள் பின்னிய வலை ஒன்று உண்டு. ஆட்டில் அது மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குளிரவைக்க உதவுகிறது. மனிதனுக்கு அந்த வலை கிடையாது. ஆனால் கேலன் எழுதிவிட்டதால், 1543இல் வெசாலியஸ் தன் நூலை வெளியிடும் காலம் வரை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதனுக்கும் அது இருப்பதாகவே பெரும்பாலோர் நம்பினார்கள்.

ஆக, கிறீனின் சொற்களை எடுத்துக்கொண்டு நான் மாட்டுக்குள் போகலாம், எச்சரிக்கையோடு. மனிதனுக்கு விலா எலும்பு 12 சோடி, மாட்டுக்கு 13, குதிரைக்கு 18. கல்லீரல் இருவருக்கும் வலப் பக்கம்தான்; மாட்டில் அந்தப் பெரிய பை இடத்தை அடைத்துக்கொள்வதால் அது முழுவதுமாகவே வலப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. ஆட்டை வெட்டும்போது பித்தப்பை உடையாமல் எடுக்கச் சொல்லிப் பெரியவர்கள் கத்துவது நமக்குத் தெரியும். குதிரையில் அந்தக் கவலை இல்லை, அதற்குப் பித்தப்பையே கிடையாது. நுரையீரல், மண்ணீரல், பித்தப்பை, சவ்வு, குடல் என்று எத்தனையோ சொற்கள் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கின்றன. ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்று கறிக்கடையில் கேட்டு வாங்குகிறோம். நான் தேர்வுக்காக இலத்தீனில் மனப்பாடம் செய்த உறுப்பை என் பாட்டி மிளகு போட்டு வறுத்திருக்கிறார்.

கிறீன் 1873இல் உடல் தளர்ந்து மானிப்பாயை விட்டுப் போனார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாக உருவாக்கியிருந்தார். அவர்களில் பாதிப் பேர் அளவுக்குத் தமிழிலேயே படித்தவர்கள். தம்மிடம் படித்தவர்கள் மேல்நாட்டு உடைக்கும் பழக்கத்துக்கும் மாறிவிடுவதை அவர் விரும்பவில்லை. சொந்த ஊர்க்காரர்களாகவே இருந்து வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். வூஸ்டருக்குத் திரும்பிய பிறகும் தமிழை விடவில்லை. பனி பெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்ப் படிகளைத் திருத்திக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் வெளியானபோது அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1884 மே மாதம் வூஸ்டரில் காலமானார். கல்லறையில் தாம் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று எழுதினால் போதும் என்பது அவர் விருப்பம்.

அவர் போன பிறகு தமிழில் மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. பட்டமும் வேலையும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. கெமிஸ்தத்தை இன்று யாரும் சொல்வதில்லை. சுகரணம் என்றால் பலருக்குப் புரியாது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மட்டும் இன்றும் இருக்கிறது. இதை அவருடைய தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். அவரிடம் தமிழில் படித்த ஒருவர் ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து, இறந்துபோன பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று தாய்க்குப் புரியும்படி சொல்லியிருப்பார் இல்லையா? அது எந்தக் கணக்கிலும் வராது.

கடந்த தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். வழக்கம்போல் முதல் நாள் ஓர் ஆட்டை வெட்டினார்கள். குடலைக் கழுவப் போவதற்கு முன் அந்த நான்கு அறைகளையும் வாழை இலையில் வாங்கி வைத்துக்கொண்டு தாத்தாவை உட்காரச் சொன்னேன். பெரிய பையைக் காட்டினேன். தேன்கூட்டு அறையைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினேன். அவருக்கு அது தெரிந்ததுதான், நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறார். உதரவிதானத்துக்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது, நடுச்சவ்வு என்றார். நானும் அதையே வைத்துக்கொண்டேன். இந்தக் கட்ட அறை இங்கே, நடுச்சவ்வு இங்கே, நெஞ்சு இங்கே என்று அடுக்கி, ஒரு தென்னங்குச்சியைக் கம்பியாகப் பிடித்து அது போன வழியைக் காட்டினேன். அன்று அதிகாரி கையில் இருந்த கம்பியையும், அதை நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

அவர் குச்சியை வாங்கி, தானே ஒரு முறை அறையிலிருந்து நெஞ்சு வரை நகர்த்திப் பார்த்தார். அப்படியானால் சக்கை இல்லையா என்று கேட்டார். இல்லை தாத்தா என்றேன். எட்டு வருடமா என்று கேட்டார், என்னிடம் கேட்டது போல் இல்லை. எனக்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. மாடு விழுங்கிய இரும்பு நகராமல் இருக்க, சில நாடுகளில் காந்தத் துண்டை விழுங்க வைப்பார்கள், அது அந்த அறையிலேயே தங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று, பேச்சை மாற்றுவதற்காகச் சொல்லி வைத்தேன்.

இப்போது அவரிடம் இரண்டு மாடுகள்தான் இருக்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கொட்டகையைச் சுற்றித் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். மதியத்துக்குள் ஒரு மில்க்மெய்ட் டின்னில் பாதி அளவுக்குத் துருப்பிடித்த ஆணியும் வேலிக் கம்பித் துண்டும் சேர்ந்திருந்தன.